கைபேசிச் சபைகளும் கைவிடப்பட்ட மக்களும்

2025 ஏப்ரல் 1 அன்று பஞ்சாப் மாநிலத்தின் மொகாலி நீதிமன்றம், பஜிந்தர் சிங் என்னும் போதகருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வெளிநாட்டுக்கு அனுப்பிவைப்பதாக ஆசைகாட்டிப் பாலியல் வன்கொடுமை செய்தார், அதைக் காணொளியாகப் பதிவு செய்து மிரட்டினார் என்று ஒரு பெண் 2018-இல் அளித்த புகாரின் மீது வந்த தீர்ப்பு இது. அந்தப் பெண் நீதிக்காக ஏழாண்டுகள் காத்திருந்தார். அதே ஏழாண்டுகளில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் புகழோ கைபேசித் திரைகளின் வழியே வளர்ந்துகொண்டே போயிற்று. அவர் மேடையில் நடத்திய அற்புதக் கூட்டங்கள் யூடியூபில் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தன. திரைப்பட நடிகர்கள் அவர் மேடையேறினர்.

தீர்ப்பு வந்ததும் இரு குரல்கள் எழுந்தன. மதமாற்றத் தடைச்சட்டம் உடனே வேண்டும் என்றது சங்பரிவாரம். ஒரு மனிதரின் வீழ்ச்சியைக் கொண்டு ஊழியத்தைக் குறைசொல்லலாகாது என்றது அற்புத வணிகத்தில் ஈடுபட்டிருக்கும் கூட்டம். முதல் குரல் குற்றத்தை ஒரு மதத்தின் மீது ஏற்றுகிறது. இரண்டாம் குரல் ஒரு தனிமனிதரோடு அதை முடித்துவிடுகிறது. கூலிவேலை செய்யும் இலட்சக்கணக்கான ஏழைகள் ஏன் அந்தத் திரையின் முன் வந்து அமர்ந்தார்கள் என்ற கேள்வியை இரண்டுமே எழுப்பவில்லை. உழைக்கும் மக்களின் இயக்கம் எழுப்பவேண்டிய கேள்வி அதுவே.

திரைக்கு முன் அமர்ந்திருப்போர் யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பஞ்சாபின் மக்களில் 31.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். ஆனால் சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையிலிருப்பது நூற்றுக்கு நான்கு கூட இல்லை. சாதி இல்லை என்று குருமார்கள் போதித்த மண்ணிலே இன்றும் பல ஊர்களில் தலித்துகளுக்குத் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. 2020 கோடையில் பெருந்தொற்றுக்கு அஞ்சிப் பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது, உள்ளூர்த் தலித் தொழிலாளர்கள் நெல் நடவுக்குக் கூடுதல் கூலி கேட்டார்கள். நிலவுடைமையாளர் ஆதிக்கத்திலிருந்த ஊராட்சிகள் பல, கூலிக்கு உச்சவரம்பு விதித்துத் தீர்மானம் போட்டன. மீறுவோரை ஊர்விலக்கு செய்வோம் என்று அறிவித்தன.

போதைப்பொருளுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சிறுநீரக நோய்க்குக் கடன் வாங்கிக் கடன் வாங்கித் தீர்ந்துபோன குடும்பம், முகவரிடம் பணம் கட்டியும் விசா வராத இளைஞன் ஆகியோரே அற்புதக் கூட்டங்களின் முன்வரிசையில் இருப்பவர்கள். இந்த ஏக்கத்திற்கு மதம் கிடையாது. ஜாலந்தருக்கு அருகிலுள்ள தல்ஹான் குருத்வாராவில் வெளிநாட்டுப் பயணம் கைகூட வேண்டிப் பொம்மை விமானங்களைக் காணிக்கையாக வைக்கும் வழக்கம் நாடறிந்தது. அங்கே பொம்மை விமானம், இங்கே போதகரின் கையில் கடவுச்சீட்டு. 2025 பிப்ரவரி 5 அன்று கைவிலங்கோடு அமெரிக்க இராணுவ விமானத்தில் அமிர்தசரசில் இறக்கப்பட்ட 104 இந்தியர்களும் இதே ஏக்கத்தின் மறுபக்கம்.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் சட்டைப்பையிலிருந்தே கொடுக்கிறார்கள் என்று 2021–22ஆம் ஆண்டுக்கான அரசின் தேசியச் சுகாதாரக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. மருத்துவமனைக்கு வழியில்லாத வீட்டில் ஐந்தங்குலத் திரையில் ஒருவர் தோன்றி, உன் நோய் இந்த நொடியில் நீங்கியது என்று கூவும்போது, அந்த வீட்டாரை அறிவிலிகள் என்று ஏளனம் செய்பவர் யாராயினும் அவர் மக்களின் நண்பரல்லர்.

தித் நடந்த வழியும் இன்றைய வழியும்

பஞ்சாபின் ஒடுக்கப்பட்டோர் கிறித்துவத்தை நாடியது புதிதன்று. 1873-இல் சியால்கோட் வட்டாரத்தில் தோல் வாங்கி விற்றுப் பிழைத்த தித் என்னும் சூஹ்ரா சாதியைச் சேர்ந்தவர் ஞானஸ்நானம் பெற்றார். எழுத்தறியாதவர், கால் ஊனமுற்றவர். மிஷனரிகள் அவரைத் தேடிப் போகவில்லை; அவரே அவர்களைத் தேடி வந்தார். பிறகு ஊர் ஊராகத் தோல் வாங்கச் சென்ற வழியெல்லாம் தம் உறவினரிடம் பேசினார். அடுத்த சில பத்தாண்டுகளில் அச்சாதியினர் பெருந்திரளாகத் திருச்சபையில் சேர்ந்தனர். உயர்சாதியாரை எதிர்பார்த்திருந்த மிஷன்களே இந்த வருகையைக் கண்டு திகைத்தன. எவரும் அவர்களை விலைக்கு வாங்கவில்லை. மனிதராக மதிக்கப்படும் ஓர் இடத்தை அவர்கள் தேடினார்கள்.

அந்தச் சபைக்கு ஒரு கட்டிடம் இருந்தது, பதிவேடு இருந்தது, பல இடங்களில் பள்ளிக்கூடமும் இருந்தது. குறைகள் ஏராளம்; சாதி அங்கும் நுழைந்தது. ஆயினும் போதகர் மீது புகார் சொல்ல ஒரு பேராயம் இருந்தது, கணக்குக் கேட்க ஒரு குழு இருந்தது.

கைபேசிச் சபையின் அமைப்பு வேறு. தனி ஊழியம் ஒன்றுக்கு ஒரு போதகர். பெரும்பாலும் அவரே நிறுவனர், அவரே தலைவர், அவர் குடும்பமே நிர்வாகம். ஞாயிறு ஆராதனை நேரலையாகச் செல்கிறது. அதிலிருந்து வெட்டியெடுத்த ஒரு நிமிடச் சாட்சிகள் வாரம் முழுவதும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. திரையின் அடியில் ஜெப உதவி எண் ஓடுகிறது. அதன் அருகிலேயே காணிக்கை செலுத்துவதற்கான கட்டக்குறி நிற்கிறது. குணமடைந்ததாகச் சொல்லும் சாட்சி மட்டுமே ஒளிபரப்பாகும். மருந்தை நிறுத்திவிட்டு மாண்டவரின் குடும்பம் திரையில் தோன்றுவதில்லை. இவ்வாறு தெரிந்தெடுத்துக் காட்டுவதே அற்புதத்தின் அடிப்படைத் தொழில்நுட்பம். பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம் கைபேசியோடு தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டில் இருப்பவரும் அதே ஊழியத்திற்குத் தசமபாகம் கட்டி ஏமாந்தவர் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. சபை என்ற சொல்லுக்குக் கூடுதல் என்பது பொருள். இங்கே இலட்சம் பேர் பார்க்கிறார்கள், எவரும் கூடவில்லை.

பதிவேட்டுக்கு அஞ்சும் மக்கள்

ஏன் இந்த வடிவம் தலித்துகளிடையே இவ்வளவு வேகமாகப் பரவியது? மலிவான இணையம் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு மற்றொன்று; அன்று எல்லா மதங்களின் வழிபாடும் திரைக்குப் போனது. மூன்றாவது காரணத்தை இந்திய அரசே உருவாக்கியது.

1950-இல் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்துவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். 2007-இல் அறிக்கையளித்த இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. அதைக் கிடப்பில் போட்ட ஒன்றிய அரசு, 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்துக் காலத்தை நீட்டியது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறித்துவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து எனக் கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என உச்சநீதிமன்றம் கூறியது.

மதம் மாறினால் சேரியை விட்டு ஊருக்குள் குடியேற்றிவிடுகிறார்களா? கூலியை உயர்த்திவிடுகிறார்களா? மாறிய பின்னும் சாதி துரத்துகிறது; சலுகை மட்டும் பறிபோகிறது. ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறுவது பிள்ளையின் படிப்பையும் வேலையையும் பறிக்கும் செயலாகிவிட்டது. யூடியூப் அலைவரிசையைப் பின்தொடர்வதற்கோ சாதிச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. 2011 கணக்கில் பஞ்சாபின் கிறித்துவர் 1.26 விழுக்காடு மட்டுமே. ஆனால் கூட்டங்களில் திரளும் மக்கள்வெள்ளமோ இந்த எண்ணுக்குள் அடங்குவதில்லை. நம்பிக்கையை வெளியே சொல்ல முடியாதவாறு அரசு செய்தது. வெளியே சொல்லப்படாத நம்பிக்கைக்கு அமைப்பு இல்லை, உரிமை இல்லை, கணக்குக் கேட்கும் அதிகாரமும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பஜிந்தர் சிங்குகள் வளர்கிறார்கள்.

ஜெபத்திலும் பங்கு கேட்கும் பெருமூலதனம்

போதகருக்கும் பக்தருக்கும் இடையே மூன்றாவதாக ஒருவர் அமர்ந்திருக்கிறார். யூடியூபின் நீண்ட காணொளிகளில் வரும் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 45 பங்கை அந்த நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. 55 பங்கு காணொளிக்கு உரியவருக்குப் போகிறது. நோயாளியின் கண்ணீர் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறதோ அவ்வளவு நேரம் விளம்பரம் ஓடும். எனவே எந்தக் காணொளி மக்களை அசையவிடாமல் பிடித்து வைக்கிறதோ அதையே கணினி நிரல் மேலும் பலருக்கு அனுப்புகிறது. நோயாளிகளுக்கு அமைதியாக ஆறுதல் சொல்லும் ஒரு கிராமப் போதகரின் உரை அங்கே எடுபடாது. பேய் அலறும் காட்சி எடுபடும்.

2021-இல் ஃபேஸ்புக் நிறுவனம் அமெரிக்கச் சபைகளோடு கூட்டு வைத்து, ஜெப விண்ணப்பம் இடுவதற்கான வசதியை அறிமுகம் செய்தது. அங்குள்ள மாபெரும் பெந்தேகொஸ்தே சபையொன்று மாதம் 9.99 டாலர் சந்தாவுக்குத் தனிச் செய்திகள் வழங்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. மறு ஆண்டு, பயனர்கள் தம் கைபேசியில் எழுதிய ஜெபங்களின் தரவுகளைச் சில ஜெபச் செயலிகள் எவ்வாறு கையாளுகின்றன என்பது அமெரிக்க ஊடகங்களில் அம்பலமானது. கணவனின் குடியும் மகளின் நோயும் மனிதன் தன் கடவுளிடம் மட்டும் சொல்லும் துயரங்கள். அவற்றையும் சரக்காக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது மூலதனம். இதற்கு எதிராகச் சங்பரிவாரம் வாய் திறந்ததுண்டா? அன்னிய நிதி என்று ஏழைச் சபையின் கதவைத் தட்டுவோர், அன்னிய நிறுவனங்கள் அள்ளிச்செல்லும் வருவாயைப் பற்றிப் பேசுவதில்லை. அதே மேடைகளில் அவர்களது வெறுப்புப் பரப்புரையும் அதே கணக்கில் இலாபம் ஈட்டுகிறது.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

மதமாற்றத் தடைச்சட்டம் இந்த மோசடியை ஒழிக்குமா? நடைமுறை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

உத்தரப்பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். இருவர் சேர்ந்து மாறினாலே அது கூட்டு மதமாற்றம். குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். ஆனால் முந்தைய மதத்திற்குத் திரும்பினால் அது மதமாற்றமே ஆகாது. வெளியேறும் கதவுக்குப் பூட்டு, திரும்பும் கதவு அகலத் திறப்பு! முதலில் பாதிக்கப்பட்டவரும் உறவினருமே புகார் தர முடியும் என்றிருந்ததை, 2024 திருத்தம் எவரும் தரலாம் என மாற்றியது. தண்டனையை ஆயுள் சிறைவரை உயர்த்தியது. 2025 ஆகஸ்டில் உத்தராகண்ட் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் சமூக ஊடகம், செய்திச் செயலி வழியான பரப்புரையையும் குற்றப்பட்டியலில் சேர்த்தது.

2022 ஏப்ரல் 14, பெரிய வியாழன். உத்தரப்பிரதேசத்தின் பதேபூரில் ஒரு தேவாலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது விசுவ இந்து பரிஷத்தினர் திரண்டனர். கூட்டு மதமாற்றம் என்று வழக்கு பாய்ந்தது. ஒன்று போதாதென்று அதே குற்றச்சாட்டில் அடுத்தடுத்து வழக்குகள். 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அவ்வழக்குகள் பலவற்றை இரத்து செய்து, குற்றவியல் சட்டம் அப்பாவிகளைத் துன்புறுத்தும் கருவியாகக் கூடாது என்றது. அதற்குள் மூன்றரை ஆண்டுகள் கடந்துவிட்டன. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் இரயில் நிலையத்தில், வேலைக்குச் சென்ற பழங்குடிப் பெண்களை அழைத்துப்போன கேரளக் கன்னியாஸ்திரிகள் இருவர் பஜ்ரங்தளத்தின் கூச்சலால் கைதாகிச் சிறை சென்றனர்.

இந்தச் சட்டங்களின் கீழ் சிக்குவோர் இத்தகையோரே: வீட்டு ஜெபம் நடத்தும் ஏழைகள், கன்னியாஸ்திரிகள், சாதி மதம் கடந்து காதலித்தோர். பஜிந்தர் சிங்கைத் தண்டித்தது எந்த மதமாற்றத் தடைச்சட்டமும் அன்று. பஞ்சாபில் அப்படியொரு சட்டமே இல்லை. அவரைத் தண்டித்தது சாதாரணக் குற்றவியல் சட்டமும், பின்வாங்காத ஒரு பெண்ணின் உறுதியும்.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். இன்றைய சட்டங்கள் அன்று இருந்திருப்பின் அதன் பெயரும் கூட்டு மதமாற்றம்தான். பௌத்தத்திற்கு மாறவும் ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 2024 ஏப்ரலில் குஜராத் அரசு சுற்றறிக்கை விடுத்ததை மறந்துவிடலாகாது. ஒடுக்கப்பட்டவன் வருணத்தின் பிடியிலிருந்து தன் காலால் நடந்து வெளியேறும் உரிமையே இச்சட்டங்களின் உண்மையான இலக்கு.

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசமைப்பின் 25ஆம் பிரிவு வழங்குகிறது. அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று 1948 திசம்பரில் அரசமைப்பு அவையில் சிலர் வாதிட்டபோது, டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிறித்துவக் கல்வி நிறுவனங்களில் படித்த தன்னை எவரும் மதம் மாற்ற முயலவில்லை என்று நினைவூட்டினார். அவர் இடதுசாரி அல்லர். எதிர்ச்சமயத்தாரைப் பட்டிமண்டபமேறி வாதிட அழைத்த ஊரை மணிமேகலை காட்டுகிறது. அந்த மரபின் எளிய துணிவுகூட இன்றைய ஆட்சியாளர்க்கு இல்லை. தமிழகத்திலும் 2002-இல் இத்தகைய சட்டம் வந்தது; 2004 தேர்தலில் மக்கள் கொடுத்த அடியில் அது திரும்பப் பெறப்பட்டது.

ஒரே அளவுகோல் வேண்டும்

அற்புத மோசடியை ஒழிப்பதே நோக்கமானால் அதற்கான சட்டம் 1954 முதலே இருக்கிறது. மாய மருத்துவம் குறித்த விளம்பரங்களைத் தடுக்கும் அச்சட்டம் எந்த மதத்தையும் பெயர் சொல்லவில்லை. ஏன் அது உறங்குகிறது? எழுப்பினால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பது ஆட்சியாளருக்குத் தெரியும். நோய்களை அடியோடு தீர்ப்பதாக விளம்பரம் செய்த பதஞ்சலி நிறுவனத்தை 2024-இல் உச்சநீதிமன்றம் கண்டித்து மன்னிப்புக் கேட்க வைத்தது. அதுவரை அரசுகள் வாளாவிருந்தன. பஞ்சாபின் எல்லைக்கு அப்பால் சிர்சாவில் தேரா சச்சா சௌதாவின் குர்மீத் ராம் ரகீம், இரு பெண்களை வன்கொடுமை செய்த வழக்கில் 2017-இல் 20 ஆண்டுத் தண்டனை பெற்றவர். அரியானா பாஜக அரசு அவரைப் பத்துக்கும் மேற்பட்ட முறை சிறைவிடுப்பில் அனுப்பியது. பல விடுப்புகள் தேர்தல் காலங்களோடு பொருந்திவந்தன. விடுப்பில் வந்தவர் இணையத்தின் வழியே சத்சங்கமும் நடத்தினார். பஜிந்தர் சிங்கைக் காட்டிக் கொதிப்போரே, ராம் ரகீமுக்கு விடுப்பளித்த கை யாருடையது?

இயக்கத்தின் பொறுப்பு

மதம் அரசைப் பொறுத்தவரை தனிமனிதரின் சொந்த விவகாரம். தொழிலாளர் கட்சிக்கோ மக்களின் அறியாமையோடும் அச்சத்தோடும் போராடும் பொறுப்பு உண்டு என்று 1905-இல் லெனின் தெளிவுபடுத்தினார். கடவுள் நம்பிக்கையுள்ள தொழிலாளியை அவமதித்து அதைச் செய்ய முடியாது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். முன்னதை மட்டும் நினைவில் வைத்துப் பின்னதை மறந்தால் இயக்கம் மக்களிடமிருந்து விலகும்.

கசப்பான உண்மை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தத் தாய் அழைப்பது ஜெப உதவி எண்ணை; சங்க அலுவலகத்தை அன்று. மறுமுனையில் யாரோ ஒருவர் அவள் பெயரைக் கேட்கிறார், பிள்ளையின் பெயரைக் கேட்கிறார், அழுவதற்கு இடம் கொடுக்கிறார். அந்தக் குரல் பணத்திற்காகப் பேசினாலும் அது அங்கே இருக்கிறது. இடதுசாரி அமைப்புகள் பல ஊர்களில் இல்லை. இருக்கும் இடங்களிலும் கோரிக்கை நாளன்று மட்டுமே தென்படுகின்றன. இந்தக் குறை களையப்படாமல் எத்தனை விமர்சனக் கட்டுரைகள் வந்தாலும் பயன் சிறிதே.

வழி இல்லாமலில்லை. பஞ்சாபில் ஊராட்சிப் பொதுச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்பது சட்டம். ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளர் தம் பண்ணையாட்களின் பெயரில் ஏலம் எடுத்து அதையும் விழுங்கினர். சங்ரூர் வட்டாரத்தில் தலித்துகள், பெண்கள் முன்னிற்க, தடியடியும் சிறையும் தாங்கி அந்நிலத்தை மீட்டுக் கூட்டாகச் சாகுபடி செய்தார்கள். குருத்வாராவுக்குப் போகிறவரும் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவரும் அங்கே ஒரே வரப்பில் நிற்க முடிந்தது. எவர் நம்பிக்கையையும் எவரும் விசாரிக்கவில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. மதமாற்றத் தடைச்சட்டங்கள் அனைத்தும் நீக்கப்பட வேண்டும். 1950 ஆணையின் மதத் தடை அகற்றப்பட வேண்டும். மகாராஷ்டிரம் 2013-இலும் கர்நாடகம் 2017-இலும் இயற்றியதைப் போன்ற மூடநம்பிக்கைச் சுரண்டல் தடுப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வேண்டும். அது பாபாவுக்கும் பாஸ்டருக்கும் மௌல்விக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். மக்களிடம் காணிக்கை பெறும் நிறுவனங்கள், எம்மதத்தவையாயினும், தம் வரவு செலவை அந்த மக்கள் முன்னே வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நிலம், நியாயக் கூலி, கட்டணமில்லா அரசு மருத்துவமனை.

வீட்டு ஜெபத்தை உடைக்க வரும் கும்பலின் முன் ஏழைக் கிறித்துவருக்குத் துணையாக நிற்க வேண்டியதும், அவரது கூலியைக் காணிக்கையாகப் பறிக்கும் போதகரின் கணக்கைக் கேட்க வேண்டியதும் ஒரே இயக்கத்தின் கடமைகள். முதலாவதைச் செய்யும் இயக்கத்திற்கே இரண்டாவதைக் கேட்கும் தகுதி உண்டு. தோழர்கள் இரண்டையும் செய்ய ஊர்களுக்குள் செல்ல வேண்டும். அந்தத் தாயின் கைபேசியில் சங்கத் தோழர் ஒருவரின் எண்ணும் இருக்க வேண்டும். நள்ளிரவில் அழைத்தாலும் அது எடுக்கப்பட வேண்டும்.